நீ மறந்துவிட்டுப் போன இருதயக் கொப்பி

அன்புள்ள மகனுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் நான் எப்போதும் கடிதத்தைத் தொடங்குவேன். இந்த முறை அந்த வரியை எழுதப்போய் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். அதனால் அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். லீவு முடிந்து நீ ஸ்ரேசனில் கொழும்புக் கோச்சி ஏறிய அன்று உன் கொப்பி ஒன்றை மறந்துவிட்டுப் போயிருக்கிறாய். நீல மட்டை போட்டது. மேலே ‘இருதயம்’ என்று இங்கிலீஷில் உன் கிறுக்கல். என் மேசையில், நான் மூக்குக் கண்ணாடி கழற்றி வைக்கும் இடத்தில் கிடந்தது. சோதனைக்கு ஆறு கிழமை இருக்கும்போது கொப்பியை மறக்கிறவன் எப்படி டொக்குத்தராகப் போகிறான் என்று உன் அம்மாவிடம் சத்தம் போட்டேன். அந்தக் கோபத்தில் ஐந்து நாள் அதைத் தொடவும் இல்லை. ஆறாம் நாள், தபாலில் அனுப்பப் பார்சல் கட்டுவதற்கு முன், என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள் பார்ப்போம் என்று திறந்தேன். அன்று தொடக்கம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முதல் பக்கங்களை ஒரு பெருமையோடுதான் வாசித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். நான் அப்போதிக்கரி. இரண்டு வருஷம் படித்து, மருந்து கலக்கவும் புண் கட்டவும் காய்ச்சல் பார்க்கவும் கற்றுக்கொண்டு வந்தவன். ஊரில் என்னை டொக்குத்தர் ஐயா என்கிறார்கள், நானும் இருபத்தைந்து வருஷமாக அதைத் திருத்தாமல் இருந்துவிட்டேன். சிஸ்ரலி என்றால் இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளுவது, டயஸ்ரலி என்றால் விரிந்து நிரப்பிக்கொள்வது, கதவுகள் சாத்துகிற சத்தத்தைத்தான் லப், டப் என்று குழாயில் கேட்கிறோம் என்பதெல்லாம் எனக்கும் தெரிந்தவைதான். மேலறை இரண்டு, கீழறை இரண்டு. இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள கதவுக்கு மைற்றல் வால்வு என்று பெயர். அது தடித்து, ஒட்டி, வாய் சுருங்கிப்போனால் மைற்றல் ஸ்ரெனோசிஸ். நீ அதற்கு ஒரு படம் கீறியிருக்கிறாய். படம் மகா மோசம். எங்கள் வெங்காயத் தோட்டத்தில் வாய்க்காலின் வாயில் மண் சரிந்து அடைத்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார். துலா மிதிக்கிறவன் மிதித்துக்கொண்டே இருப்பான், தண்ணீர் பாத்திக்குப் போகாமல் பின்னுக்குத் தேங்கிக் கிணற்றடியில் வழியும். இருதயத்தில் அப்படித் தேங்குகிற இடம் சுவாசப்பை. அதனால்தான் நாலு அடி வேகமாக நடந்தால் மூச்சு வாங்குகிறது, மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, கடைசியில் கால் வீங்குகிறது. இதை நீ சோதனைத் தாளில் எழுதினால் திருத்துகிறவர் சிரிப்பார், ஆனால் உனக்கு மறக்காது.

அடுத்த பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறாய். நோயாளியின் இடது நெஞ்சில், இருதயத்தின் நுனி வந்து இடிக்கும் ஐந்தாம் விலா இடுக்கில் கையை வைத்தால், உறுமும் பூனையின் முதுகில் கை வைத்தது போல ஓர் அதிர்வு தெரியும், இதற்குத் திரில் என்று பெயர். அந்த இடத்தில் கொப்பியை மூடிவிட்டு வெளியே போய்க் கிணற்றடியில் முகம் கழுவினேன். அந்தப் பூனையை எனக்குத் தெரியும் மகனே. பதினொரு வருஷமாகத் தெரியும். அது உன் தங்கச்சி பூரணத்தின் நெஞ்சுக்குள் இருக்கிறது.

அவளுக்கு ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் உனக்கு ஞாபகம் இருக்கும். வலது முழங்கால் வீங்கியது. இரண்டு நாளில் அது வற்றி இடது கணுக்கால் வீங்கியது, பிறகு முழங்கை. அவள் பனங்காய் பொறுக்கப் போய் விழுந்துவிட்டாள் என்று நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள். எனக்கு அது மூட்டுக்கு மூட்டு தாவும் றூமாற்றிக் காய்ச்சல் என்று தெரியும். சலிசிலேற் மருந்து கொடுத்தேன், நோவு பறந்தது. ஆறு கிழமை பாயை விட்டு எழும்பக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் நோவு மூட்டை விட்டுப் போனாலும் இருதயத்தை விட்டுப் போயிருக்காது. ஆனால் பன்னிரண்டாம் நாள் ஊர்ச் சைவப் பள்ளிக்கூடத்தில் வாணி விழா. அவள் கோலாட்டத்தில் முன்வரிசை. பட்டுப்பாவாடையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். உன் அம்மா என் முகத்தைப் பார்த்து, “இஞ்சாருங்கோ, பிள்ளைக்குத்தான் சுகமாப் போச்சே, ஒரு நாளைக்குத்தானே?” என்று கேட்டாள். நான் ஓம் என்றேன். மாட்டேன் என்று சொல்ல வேண்டிய ஒரே ஆள் நான்தான், என் வாயிலிருந்துதான் அந்த ஓம் வந்தது. அவள் ஆடியதை முன்வரிசையில் இருந்து பார்த்தேன், கைதட்டவும் செய்தேன்.

அடுத்த வருஷம் ஒரு சளிக்காய்ச்சலுக்கு அவள் நெஞ்சில் மருந்தெண்ணெய் தடவும்போது என் உள்ளங்கையில் அந்த அதிர்வு தட்டியது. குழாயை வைத்துக் கேட்டேன். முதல் சத்தத்துக்குச் சற்று முன்னே ஓர் உறுமல் எழும்பி, போய் லப்பென்று மோதி நின்றது. இப்படிக் கதவடியில் எழும் சத்தத்துக்கு மேர்மர் என்று பெயர் என்று தெரியும், அதற்கு மேல் என் படிப்பு போகவில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். கொண்டுபோகவில்லை. அங்கே வரிசையில் நம்மூர்க்காரர் நாலு பேர் நிற்பார்கள், அப்போதிக்கரியின் பெட்டைக்கு நெஞ்சு வருத்தமாம், இருதய நோயாம் என்ற கதை எங்களுக்கு முன்னே வீடு வந்து சேரும், நெஞ்சு வருத்தக்காரிக்கு மாப்பிள்ளை வராது என்று பத்து வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டேன். ஏன் இவளுக்கு மூச்சு வாங்குகிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சோகை என்றேன். நான் சொன்னால் ஊர் நம்பும். அன்றிலிருந்து அயலில் ஒருத்தி மாறி ஒருத்தி முருங்கையிலை கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்பட்டபோது சோகைப் பிள்ளை என்று ஒரு முட்டைக்கு இரண்டு முட்டையாக நல்லெண்ணெயோடு பருக்கினார்கள். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். அவ்வளவும் என் ஒரு சொல்லுக்காக.

உன் கொப்பியில் ஒரு சொல்லுக்கு இரண்டு தரம் கீழ்க்கோடு போட்டிருக்கிறாய்: கொம்பென்சேஷன். பழுதுபட்ட இருதயம் தன் குறையைக் காட்டாமல் கூடுதலாக உழைத்து வருஷக் கணக்காக ஈடு கொடுப்பது, நோயாளி நடப்பான், சிரிப்பான், வேலை செய்வான், பிறகு காய்ச்சலோ பாரமோ ஏதாவது ஒன்று வந்து சேர அந்த ஈடு முறியும் என்று எழுதியிருக்கிறாய். பூரணம் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்தாள், மா இடித்தாள், அம்மாவோடு கோயிலுக்கு நடந்தாள், நானும் மெல்ல மெல்ல மறக்கப் பழகினேன். மார்கழியில் அவள் தலைக்கு இரண்டு தலையணை வைக்கத் தொடங்கினாள். காலையில் பாய் சுருட்டும்போது தலையணை இரண்டா மூன்றா என்று நான் களவாகப் பார்ப்பேன். மாசியில் பின்னேரங்களில் கணுக்கால் சற்று ஊதியது. நுளம்புக்கடி பார்க்கிறேன் என்று சொல்லிப் பெருவிரலால் அழுத்தினேன், குழி விழுந்து நின்றது. இருதயத்துக்குக் கொடுக்கும் டிஜிற்றாலிஸ் துளிகளை, சோகைக்குக் கொடுக்கும் இரும்புத் தண்ணீரில் கலந்து பத்து நாள் கொடுத்தேன். வற்றியது. வற்றிய பதினைந்தாம் நாள்தான் அரியாலையிலிருந்து சம்பந்தம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளை மலாயாவில் கிளாக்கர், லீவில் வந்து நிற்கிறான், கல்யாணம் முடிந்தால் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறுவான். சாத்திரியார் சாதகத்தைப் பார்த்துப் பெண்ணுக்குத் தீர்க்காயுள் என்றார். குழாய் என் காதுக்குச் சொன்னதை விட்டுவிட்டு, அவர் சொன்னதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இனி நான் ஏன் உன் மேல் கோபமாக இருக்கிறேன் என்று சொல்கிறேன். கொப்பியை மூடியவன் மறுபடி திறந்தேன். ஒரு பக்கத்தில் பச்சை நூல் ஒன்று கிடந்தது. முக்கியமான இடம் என்று நீ அடையாளம் வைத்திருக்கிறாய் போலும் என்று அந்தப் பக்கத்தை வாசித்தேன். ‘கர்ப்பமுற்ற பெண்களில் மைற்றல் ஸ்ரெனோசிஸ். இங்கே மிகுந்த கவனம் வேண்டும். மாதம் ஏற ஏற இருதயத்தின் வேலை கூடுவதால், இப்படிப்பட்ட பெண்’ என்று எழுதி, அதோடு விட்டிருக்கிறாய். முற்றுப்புள்ளியும் இல்லை. அடுத்த பக்கத்தில் வேறு பாடம் தொடங்குகிறது. இப்படிப்பட்ட பெண் என்ன? பிழைப்பாளா? பெறவே கூடாதா? ஒன்று பெற்றுத் தப்பலாமா? மணி அடித்துவிட்டதா, பேனாவில் மை முடிந்ததா, யன்னலால் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தாயா? அந்த அரை வரியை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. உன் அம்மா இரண்டு தரம் வந்து, “உந்தக் கொப்பிக்குள்ளை என்ன கிடக்கு? சோறு ஆறுது,” என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னிடமுள்ள பழைய புத்தகத்தில் தேடினேன், அது இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கல்யாணத்துக்கு நாள் வைத்தாகிவிட்டது, ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தம். அந்த அரை வரி எனக்கு நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது.

இதுவரைக்கும் நேற்றுக் காலையில் எழுதியது. எழுதி முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு உரும்பிராய்ச் சந்திக்குப் போய் பஸ் பிடித்து அரியாலைக்குப் போனேன். வழி முழுக்கத் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். இரண்டு இடத்தில் இறங்குவதற்கு எழும்பியும் விட்டேன். மாப்பிள்ளைப் பெடியன் முற்றத்தில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றான். அவனுடைய தாய் தகப்பன் கோயிலுக்குப் போயிருந்தார்கள், அது என் அதிர்ஷ்டம்.

“தம்பி, கல்யாண எழுத்துக்கு முதல் உம்மோடை ஒரு விஷயம் கதைக்க வேணும்,” என்றேன். கதிரை போட்டான். காய்ச்சலில் தொடங்கி டிஜிற்றாலிஸ் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன்.

“உது மாறுமோ ஐயா?” என்று கேட்டான்.

“மாறாது. கவனமா இருந்தா கன காலம் இருக்கலாம்.”

“பிள்ளையள்?”

“அதுதான் எனக்குத் தெரியேல்லை. தெரியாத படியாத்தான் இப்ப வந்தனான்.”

“உங்களுக்கு எவ்வளவு காலமாத் தெரியும்?”

“பதினொரு வருஷம்.”

கையிலிருந்த துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். “அவவுக்குத் தெரியுமோ?” என்றான்.

“தெரியாது,” என்றேன்.

“அவவின்ரை நெஞ்சிலை கிடக்கிற வருத்தத்தை அரியாலை வரைக்கும் கொண்டு வந்து எனக்குச் சொல்லுறியள். வீட்டுக்குள்ளை இருக்கிற அவவுக்குச் சொல்லேல்லை. முதல் அவவுக்குச் சொல்லுங்கோ ஐயா. என்ரை லீவு முடிய இன்னும் மூண்டு மாசம் கிடக்கு, நாளைத் தள்ளி வைக்கலாம். அவ என்ன சொல்லுறா எண்டு அறிஞ்சுகொண்டு வாங்கோ, அதுக்குப் பிறகு நான் என்ரை மனசைச் சொல்லுறன்.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பெண்ணைப் பெற்றவனுக்கு இருபத்தெட்டு வயதுக்காரன் புத்தி சொல்வதா என்று நினைத்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது வெட்கம் வந்தது. நாங்கள் இப்படித்தான் மகனே. பெண்ணின் சாதகத்தை அவளைத் தவிர எல்லோருக்கும் காட்டுவோம். அவளுடைய வருத்தத்தையும் மாப்பிள்ளைக்குச் சொல்வதா விடுவதா என்று மாய்ந்து மாய்ந்து யோசிப்போம். அவளுக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை, சத்தியமாக வந்ததில்லை. நீ நாளைக்கு வெள்ளைக் கோட்டுப் போட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பாய். தகப்பன் ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம் நிற்பார்கள், நீ அவர்களைப் பார்த்துத்தான் பேசப் பார்ப்பாய், அது லேசு. கட்டிலில் கிடக்கிறவளைப் பார்த்துப் பேசு. நல்ல பேர் கொண்ட ஒரு சின்ன வருத்தத்தைச் சொல்லிச் சமாளிக்காதே. நான் சொன்ன சோகை என்ற பொய்யில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, அதனால்தான் அது இவ்வளவு காலம் நின்றது.

வீட்டுக்கு வந்தபோது பூரணம் யன்னலடியில் இருந்து தன் பச்சைச் சட்டைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். உன் அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். “பிள்ளை, உன்ரை நெஞ்சிலை ஒரு சத்தம் கிடக்கு,” என்றேன். “ஓம் அப்பா,” என்றாள். ஊசியை நிறுத்தவில்லை. நான் மேலே மேலே சொல்லிக்கொண்டு போனேன், வாணி விழாவையும் விடவில்லை. உன் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, “என்னட்டையும் மறைச்சுப்போட்டியளே!” என்று என்னைப் பிடித்து ஏசினாள். ஏசட்டும், எனக்கு அது வேண்டும். பூரணம் தையலை மடியில் வைத்துவிட்டு, “அதை நான் ஒருக்காக் கேக்கலாமோ?” என்றாள்.

ஸ்ரெதஸ்கோப்பை அவள் காதில் மாட்டி, மற்ற முனையை அவளிடமே கொடுத்து, எந்த இடம் என்று விலாவை எண்ணிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எத்தனையோ வருஷமாக அவள் நெஞ்சை நான் சளி பார்க்கிற சாட்டில் களவாகக் கேட்டிருக்கிறேன். அவள் கேட்கிற முகத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வெகு நேரம் குழாயை எடுக்கவில்லை. பிறகு, “இது எனக்குப் பழகின சத்தம் அப்பா. தலையணையிலை காதை வைச்சா உதுதான் கேக்கிறது. எல்லாருக்கும் இப்பிடித்தானாக்கும் எண்டு முந்தி நினைச்சனான்,” என்றாள். உன் அம்மா எழும்பி உள்ளே போய்விட்டாள்.

எல்லாம் சொன்னவன் அந்த அரை வரியை மட்டும் சொல்லவில்லை. பிள்ளைப்பேறு என்று தொடங்கினேன், வாய் வரவில்லை. ஆகையால் கொப்பியை இன்று பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். உன் பேராசிரியரிடம் போ. வெட்கப்படாதே, தங்கச்சி என்று சொல்லு, வயது இருபத்தொன்று, திரில் உண்டு, முதல் சத்தத்துக்கு முன்னே உறுமல் உண்டு, மாசியில் பத்து நாள் கால் வீக்கம் இருந்தது, இரண்டு தலையணை என்று சொல்லு. அந்த வாக்கியத்தின் மீதியைக் கேட்டு எனக்கு எழுது. அவர் பார்க்க வேண்டும் என்றால் நானே அவளைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன், எந்த வரிசையிலும் நிற்கிறேன், ஊர் பார்த்தால் பார்க்கட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது மகனே. மீதி வரி என்னவாக இருக்கும் என்று பயம், அது வந்து சேர முன்னே தலையணை மூன்றாகிவிடுமோ என்றும் பயம். நீ சோதனையை நினைத்துப் படி, என்னை நினைத்துப் படிக்காதே.

இதை ஒட்டுவதற்கு முன் பூரணத்திடம் வாசிக்கக் கொடுக்கப் போகிறேன். என் வாயால் சொல்ல முடியாததை இதிலிருந்து அவள் அறியட்டும். அவள் ஏதாவது எழுத விரும்பினால் எழுதக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா

அண்ணை,

அப்பா தந்த கடிதத்தை வாசித்தேன். நீங்கள் கொப்பியை மறந்து போகவில்லை. நீங்கள் குளிக்கப் போனபோது உங்கள் பெட்டியிலிருந்து நான்தான் எடுத்தேன். சோதனை நேரத்தில் அப்படிச் செய்ததற்கு மன்னிக்க வேண்டும். நீங்கள் இங்கே வைத்துப் படித்த நாட்களில் அதைப் பார்த்தேன். பூனையைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்ததும் என் கையை வைத்துப் பார்த்தேன். அப்பாவிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை, கேட்டால் சோகை என்பார். அதனால் அவர் கண்ணாடி வைக்கிற இடத்தில் வைத்தேன். பச்சை நூல் என் சட்டையின் நூல். அவர் திறக்கும் வரைக்கும் ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்தேன்.

எனக்குத் தெரியுமா என்று அரியாலை மாப்பிள்ளை கேட்டதை அப்பா எழுதியிருக்கிறார். அந்தக் கேள்விக்காக அவரை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஓம் என்றோ இல்லை என்றோ இன்னும் நான் சொல்லவில்லை. அந்த வாக்கியம் முழுதாக வந்த பிறகுதான் சொல்வேன்.

மீதியை அப்பாவுக்கு எழுத வேண்டாம் அண்ணை. என் பெயருக்கு எழுதுங்கள்.

பூரணம்